விசாலமான வயிற்றுப்பை வாடகைக்கு

ஒரு காட்டில், அதாவது மரங்களை வெட்டிவிட்டுத் தெருக்களுக்கு அந்த மரங்களின் பெயரையே வைத்திருந்த ஒரு காட்டில், பிலோமி என்று ஒரு கங்காரு இருந்தாள். அவளுடைய வயிற்றுப்பையில் செலின் என்று ஒரு குட்டி இருந்தாள். இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அந்தக் காடு ஆஸ்திரேலியாவில், ஒரு பெரிய நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருந்தது. போன மழைக்கு அங்கே புல் முளைத்தது. இந்த மழைக்கு இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகள் முளைத்தன. குச்சி முளைத்த இடத்தில் வீடு முளைத்தது. வீடு முளைத்த இடத்தில் முயல்கள் வந்து இறங்கின. லாரியிலிருந்து சாமானை இறக்கி முடிப்பதற்குள் முயல் குடும்பம் இரண்டு மடங்காகிவிடும், பிறகு அந்த வீடு போதாது என்று பக்கத்தில் இன்னொரு குச்சி நடுவார்கள். காட்டுக்குள் வருவதற்கு ஒரே சாலை; போவதற்கும் அதே சாலை. காலையில் அதில் கார்களை ஆமைகள் முந்திப் போகும். ஆமைகளுக்கே அதில் பெருமை இல்லை.

பிலோமி பயந்த சுபாவம். மண் தோண்டும் இயந்திரத்துக்குப் பயம், நாய்க்குப் பயம், நாயைச் சங்கிலியில் பிடித்து வருபவருக்கு அதைவிடப் பயம். குழந்தை தும்மினால் பயம். நெடுநேரம் தும்மாமல் இருந்தால் அதற்கும் பயம். செலினின் அப்பா சுரங்கத்து வேலை தேடித் தூரதேசம் போயிருந்தார். சாலை ஓரத்து மஞ்சள் பலகையில் தாவுகிற மாதிரி ஒரு கங்காரு படம் இருந்தது. அது அப்பாதான் என்று செலின் நினைத்துக்கொண்டிருந்தாள். பிலோமி அதைத் திருத்தவில்லை. குழந்தை தானாக நினைத்துக்கொண்டால் அது பொய் சொன்ன கணக்கில் வராது.

பொய் விஷயத்தில் பிலோமி ரொம்பக் கண்டிப்பு. அவள் படித்தது வெள்ளை ஐபிஸ் சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில். ஐபிஸ் என்பது வளைந்த நீள மூக்குள்ள, நாரை மாதிரியான ஒரு பறவை. சிஸ்டர்கள் காலையில் ஜெபம் சொல்லுவார்கள், மத்தியானம் குப்பைத்தொட்டி கிளறுவார்கள், இரண்டையும் ஒரே பக்தியோடு செய்வார்கள். பொய் சொல்லக் கூடாது என்று சொல்லித் தந்தார்கள். வந்தவர்களின் முகம் வாடும்படி பேசக் கூடாது என்றும் சொல்லித் தந்தார்கள். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று ஒருத்தி கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.

ஒரு நாள் நல்ல மழை. ஞானமுத்து என்கிற ஈமு அந்தப் பக்கம் வந்தார். நெருப்புக்கோழி மாதிரி உயரமாக, பறக்கத் தெரியாத பறவை. காட்டுக் கவுன்சிலில் அதிகாரி. ஈமுவால் பின்பக்கமாக நடக்க முடியாது. அவரை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். மக்கள்தொகை பெருகிவிட்டது, இடம் போதவில்லை, காட்டில் எங்கெங்கே சும்மா கிடக்கும் இடம் இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள்.

"நனைஞ்சுட்டீங்களே சார்" என்றாள் பிலோமி.

"ஆமாம்மா. வீட்ல குஞ்சுகளை வேற விட்டுட்டு வந்துட்டேன். பார்த்துக்க ஆள் இல்ல."

"அடடா, கூடவே கூட்டிட்டு வந்திருக்கலாமே! என் பையிலயே படுக்க வெச்சிருப்பேன். நம்மகிட்ட இடத்துக்கா பஞ்சம்?"

இதை நீங்களோ நானோ கேட்டிருந்தால் "இருக்கட்டும்மா, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, ஒரு காப்பி கிடைக்குமா என்று பார்த்திருப்போம். ஞானமுத்து அப்படி வளர்ந்தவர் இல்லை. கழுத்தை நீட்டி, பையை ஒரு பார்வை பார்த்தார்.

"இடம் இருக்கா?"

"தாராளமா இருக்கு சார்" என்றாள் பிலோமி.

மறுநாள் காலையில் அவள் கண் விழித்தபோது வாலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டிருந்தது. 'விசாலமான வயிற்றுப்பை வாடகைக்கு. தரை முதல் கூரை வரை இயற்கைக் கம்பளம். வருடம் முழுவதும் இதமான சூடு. சனிக்கிழமை நேரில் பார்க்கலாம்.' பலகையின் உச்சியில் ரெஜிஸ் என்கிற கொண்டைக்கிளி உட்கார்ந்திருந்தான். வெள்ளை உடம்பு; மஞ்சள் கொண்டையை எண்ணெய் தடவி வாரிவிட்டிருந்தான். வீட்டுத் தரகர்களுக்கு அது சீருடை.

"வாழ்த்துகள் மேடம்" என்றான். "இந்த ஏரியாவுல இப்படி ஒரு இடம் அமையறது அபூர்வம்."

"தம்பி, இது என் வயிறு."

"அதான் சொல்றேன். உரிமையாளர் கூடவே இருக்குறாங்க, பராமரிப்புக்குக் குறைவே வராதுன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

பிலோமி தன்னால் முடிந்த வேகத்தில் கவுன்சிலுக்குத் தாவிப் போனாள். ஞானமுத்து மரியாதையாக எழுந்து நின்று கேட்டார்.

"சார், அந்தப் பையில என் மக இருக்கா."

"மகதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்லம்மா. ஆனா எந்த ஏற்பாட்டுல தங்கியிருக்கா?"

"பெத்த ஏற்பாட்டுலதான் சார்."

"அந்த மாதிரி ஒரு வகை எங்ககிட்ட இல்லையே. சொந்தக்காரங்க, வாடகைக்காரங்க, விருந்தாளி. ஒப்பந்தம் எதுவும் போடலைன்னா விருந்தாளி. விருந்தாளி இருக்குற இடம் காலி இடம்தான்."

"நேத்து நான் சொன்னது ஒரு மரியாதைக்குச் சொன்னது சார்."

"நான் எழுதிக்கிட்டதும் மரியாதையோடதாம்மா."

திரும்பி வரும் வழியில் பைக்குள்ளிருந்து செலின் கேட்டாள்: "அம்மா, விருந்தாளின்னா யாரு?"

"வந்துட்டுப் போறவங்க, கண்ணு."

"நான் எங்க போகணும்?"

செலினுக்கு அப்போதுதான் உடம்பில் முடி வளரத் தொடங்கியிருந்தது. வெயில் பட்டால் கண்ணைச் சுருக்குவாள். தரையில் கால் வைத்ததே இல்லை. இந்தக் குழந்தையை இறக்கிவிட்டால் நாய்க்கு ஒரு வாய், காருக்கு ஒரு குலுக்கல். பிலோமி, கூடவே வந்து காக்கும் தேவதூதரான காவல் சம்மனசை நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். காவல் சம்மனசும் அந்தச் சாலை நெரிசலில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை வந்தது. வரிசை, காட்டின் ஒரே சாலை வரைக்கும் போய் அங்கே ஹாரன் அடிக்க வைத்தது. வரிசைக்கு முன்னால் ஞானமுத்து நின்றுகொண்டு விதியை அறிவித்தார். "ஒரே இடத்தைப் பல பேர் கேட்டா, தலைக்கு மேல எதுவுமே இல்லாதவங்களுக்குத்தான் முதல் உரிமை. தள்ளுமுள்ளு வேண்டாம். காலைத் துடைச்சுட்டு எட்டிப் பாருங்க."

முதலில் ஒரு பாஸம் ஜோடி வந்தது. மரத்தில் வாழ்கிற, பெரிய கண்ணுள்ள, ஓயாமல் குறை சொல்கிற பிராணி. மனைவி தலையை உள்ளே விட்டாள்.

"வெளிச்சம் கம்மியா இருக்கே. வடக்குப் பார்த்த வாசலா?"

"மேடம் எந்தப் பக்கம் திரும்புறாங்களோ அந்தப் பக்கம் பார்த்த வாசல்" என்றான் ரெஜிஸ். "இந்த வசதி வேற எங்க கிடைக்கும்?"

"பள்ளிக்கூடம்?"

"ஒரே தாவல்."

"ஏங்க, உள்ள ஏதோ அசையுது!"

"அது இப்ப இருக்குற விருந்தாளி. காலி பண்ணிடுவாங்க."

"ஹலோ ஆன்ட்டி" என்றாள் செலின்.

பாஸம் மனைவி கணவனைத் தனியே இழுத்துப் போனாள். "எனக்குப் பிடிக்கல. பேசுற வீடு."

அடுத்து ஒரு வொம்பாட். குட்டைக் காலும் அகலப் பின்புறமும் கொண்ட, பூமியைக் குடைந்து வாழ்கிற ஆசாமி. உள்ளே போகும்போது பாதியில் மாட்டிக்கொண்டார். அவரை இழுத்து எடுக்க வரிசையில் நின்றவர்களெல்லாம் ஒன்று சேர வேண்டியிருந்தது. காட்டில் ஒற்றுமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெளியே வந்ததும் அவர் மூச்சு வாங்கி, "ஹால் சின்னது" என்றார்.

முயல் குடும்பம் வந்தது.

"எத்தனை பேர்?" என்று கேட்டான் ரெஜிஸ்.

"நீங்க கேட்டப்பவா, இப்பவா?" என்றது முயல்.

அவர்களை வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள்.

கடைசியாக நல்லதம்பி வந்தார். அவர் ஓர் எகிட்னா. பார்த்தால் முள்ளம்பன்றிக்குத் தூரத்து உறவு மாதிரி இருப்பார். கேட்டால் சொந்தமே இல்லை என்பார். உடம்பெல்லாம் முள். தலையில் தொப்பி. தொப்பி முள்ளில் குத்திக்கொண்டு நிற்பதால் காற்றுக்குப் பறக்காது. எட்டிப் பார்க்குமுன் தொப்பியைக் கழற்றி, "உத்தரவு உண்டா அம்மா?" என்றார். பிலோமிக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு மரியாதையாக வந்தவருடைய முகத்தை எப்படி வாட வைப்பது?

"எனக்குச் சாமான்னு எதுவும் இல்லீங்க" என்றார் நல்லதம்பி. "உடம்போட இருக்கறதுதான்."

"அதுதான் சார் பார்க்கிறேன்" என்றாள் பிலோமி.

"ராத்திரி சுருண்டு படுத்துக்குவேன். இடம் அடைக்க மாட்டேன். சுருண்டா முள்ளு கொஞ்சம் வெளிப்பக்கம் வரும். பழகிடும்."

"யாருக்கு சார்?"

"எனக்குப் பழகிடுச்சு."

ரெஜிஸுக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று. பிரம்மச்சாரி, எறும்பைத் தவிர எதுவும் சாப்பிடாதவர், வளர்ப்புப் பிராணி இல்லை. "முடிஞ்சுது மேடம். இவருக்கே கொடுத்துடுவோம். திங்கட்கிழமை குடி வந்துடுவார். ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

எல்லாரும் பிலோமியைப் பார்த்தார்கள். 'உண்டு' என்ற ஒரு சொல் அவளுடைய நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்தது. நல்லதம்பி நம்பிக்கையோடு சிரித்தார். சொல் திரும்பிப் போய்விட்டது.

"சாருக்குச் சிரமமா இருக்குமேன்னுதான்…" என்றாள்.

"எனக்கு ஒரு சிரமமும் இல்லம்மா!" என்றார் நல்லதம்பி.

அப்போது பையிலிருந்து இரண்டு காதுகள் வெளியே வந்தன. பிறகு மூக்கு. பிறகு, பிலோமி "ஐயோ கண்ணு, வேண்டாம்" என்று பதறிப் பிடிப்பதற்குள், செலின் நழுவிப் பொத்தென்று மண்ணில் விழுந்தாள். எழுந்தாள். விழுந்தாள். மறுபடி எழுந்து, நான்கு காலையும் பரப்பி வைத்துக்கொண்டு, வரிசையில் நல்லதம்பிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"என்னம்மா?" என்றார் ஞானமுத்து.

"நானும் வீடு பார்க்க வந்திருக்கேன் அங்கிள்."

வரிசையில் சிரிப்பு. ரெஜிஸ் மட்டும் சிரிக்கவில்லை. சட்டப்படி யார் கேட்டாலும் விசாரிக்க வேண்டும்.

"இதுக்கு முன்னாடி எங்க குடியிருந்தீங்க?"

"உள்ள."

"அதுக்கு முன்னாடி?"

"இன்னும் உள்ள."

"பழைய வீட்டுக்காரங்க யாராவது உங்களைப் பத்தி நல்லபடியா சொல்வாங்களா?"

"அம்மா, நான் நல்லவளா?"

இந்த இடத்தில் வேறு எந்தத் தாயாக இருந்தாலும் ஒரு மூட்டை பொய் அவிழ்த்திருப்பாள். பிலோமி வெள்ளை ஐபிஸ் சிஸ்டர்களிடம் படித்தவள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தங்கமான பொண்ணு" என்றாள்.

"சத்தம் போடுவாங்களா?"

"பசிச்சா… ஊரே கூடும்."

"சுவருக்குச் சேதம்?"

"உதைப்பா. தூக்கத்துல."

"ஈரக்கசிவு?"

பிலோமி தரையைப் பார்த்தாள். "நேத்துகூட."

"வாடகை ஒழுங்கா கொடுத்தாங்களா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் கொடுத்ததில்ல. முத்தம் கொடுப்பா."

வரிசையில் நின்ற வொம்பாட் "ச்ச்" கொட்டினார். ரெஜிஸ் சிறகால் நெற்றியைத் துடைத்தான். "மேடம், நான் உங்க பக்கம்தான். ஆனா இப்படி ஒரு ஆளுக்கு நாங்க நாய்க்கூண்டுகூடக் கொடுக்க மாட்டோம்." அவன் நல்லதம்பியின் பக்கம் திரும்பினான். நல்லதம்பி தொப்பியைத் தலையில் குத்திக்கொண்டு தயாரானார். பிலோமிக்கு, உண்மையைச் சொல்லியே குழந்தையைத் தெருவில் நிறுத்திவிட்டோம் என்று புரிந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் ஞானமுத்து. "விதிப்படி ஒண்ணு கேக்கணும். நல்லதம்பி சார், இப்ப எங்க தங்கியிருக்கீங்க?"

"மழைத்தண்ணிக் குழாய்ல சார். புதுத் தெருவுக்காகப் போட்டு வெச்சிருக்காங்க. இன்னும் தண்ணி விடல. விட்டுட்டா நானும் கூடவே போயிடுவேன்."

"அப்ப இன்னைக்குத் தேதிக்குத் தலைக்கு மேல குழாய் இருக்கு."

நல்லதம்பி நேர்மையானவர். "இருக்கு" என்றார்.

"பாப்பா, உன் தலைக்கு மேல என்ன இருக்கு?"

செலின் நிமிர்ந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து அங்கே எப்போதும் அம்மாவின் தாடை இருக்கும். இப்போது இல்லை.

"ஒரு மேகம் இருக்கு அங்கிள்."

"மேகம் கணக்குல வராது" என்றார் ஞானமுத்து. "அப்ப இந்தக் காட்டுல தலைக்கு மேல ஒண்ணுமே இல்லாத ஒரே ஆள் நீதான். இடம் உனக்கு."

ரெஜிஸின் கொண்டை விருட்டென்று நின்றது. "சார்! இவ இப்பத்தான், உங்க கண்ணு முன்னாடி, அதே பையிலேர்ந்து இறங்கினா!"

"அது நடந்து முடிஞ்ச விஷயம் ரெஜிஸ். அதைப் பார்க்கணும்னா நான் பின்னால போகணும்."

ரெஜிஸ் ஒப்பந்தம் எழுதினான். செலின் மண்ணில் காலை அழுத்தி ரேகை வைத்தாள். பிலோமி அவளைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். வரிசையில் சிலருக்குக் கண் கலங்கியது. மிச்சப் பேர் அடுத்த வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நாமும் நிம்மதியாகத் தூங்கலாம். கிளம்பும்போது ஞானமுத்து கழுத்தை மட்டும் திருப்பி ஒரு வார்த்தை சொன்னார்.

"பாப்பா, ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. நீ எழுந்து இறங்கினா இடம் காலின்னு அர்த்தம். காலியானா, அடுத்து நிக்கிறவருக்குப் போயிடும்."

அடுத்து நின்றவர் நல்லதம்பி. "அவசரமே இல்லீங்க" என்றார் அவர். "நான் இங்கயே ஓரமா இருக்கேன்."

அன்றிலிருந்து செலின் இறங்கவில்லை. முதலில் அது சுகமாகத்தான் இருந்தது. பிலோமி புல்லைக் கொண்டுவந்து வாயில் ஊட்டினாள். குழந்தை வளர்ந்தது. காடும் வளர்ந்தது. காட்டில் வீடுகளுக்கு மேல் வீடுகள் வந்தன. பையில் செலினின் கால் ஒரு பக்கம் வெளியே வந்தது, வால் இன்னொரு பக்கம் வெளியே வந்தது, தோள் பிலோமியின் தாடையில் இடித்தது. மற்ற கங்காரு அம்மாக்கள் போகிற போக்கில், "என்ன பிலோமி, இன்னும் பால்குடியா?" என்று கேட்டார்கள்.

"வாடகைக்காரி" என்று சொன்னாள் பிலோமி. அதில் பொய் எதுவும் இல்லை.

ஒரு நாள் பிலோமியால் தாவ முடியவில்லை. அடுத்த நாள் நடக்க முடியவில்லை. அவள் உட்கார்ந்த இடம் இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனை. அவளை நகர்த்தினால் உள்ளே இருக்கும் வாடகைக்காரருக்கு இடைஞ்சல் என்று சட்டம் சொன்னதால், கவுன்சில் அவளைச் சுற்றி ஒரு ரவுண்டானா கட்டி, ஓரத்தில் பூச்செடி வைத்தது. சின்ன இடத்தில் முழு வளர்ச்சி அடைந்த இரண்டு பேர் குடியிருப்பதற்கு முன்மாதிரி என்று சொல்லி, அதைப் பார்க்க மற்றக் காடுகளிலிருந்து அதிகாரிகள் பேருந்தில் வந்தார்கள். பிலோமியை மூன்று முறை சுற்றிவிட்டு, மதிய உணவுக்குப் போனார்கள்.

பிலோமிக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. இயந்திரம் வரலாம், நாய் வரலாம், கார்கள் நாள் முழுக்கச் சுற்றலாம். குழந்தை பைக்குள் இருந்தது.

அவள் அளவுக்கே வளர்ந்துவிட்ட குழந்தை ஒரு சாயங்காலம், வெளியே நீட்டிக்கொண்டிருந்த தலையைத் திருப்பிக் கேட்டது:

"அம்மா, கங்காருன்னா தாவுமாமே. தாவுறதுன்னா எப்படி இருக்கும்?"

"குலுங்கும் கண்ணு. உனக்குச் சேராது."

"ஒரே ஒரு தடவை. இறங்கி ஒரே ஒரு தாவு தாவிட்டு உடனே ஏறிடறேன்மா. யாருக்கும் தெரியாது."

பிலோமி ரவுண்டானாவின் ஓரத்தைப் பார்த்தாள். பூச்செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நல்லதம்பி, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று புரிந்து, மரியாதையாக எழுந்து நின்றார்.

"குதிக்கணும்னா உள்ளேயே குதி கண்ணு" என்றாள் பிலோமி.

செலின் உள்ளேயே குதித்தாள். முழங்கால் பிலோமியின் விலாவில் போய் இடித்தது. பிலோமிக்கு உயிர் போய் உயிர் வந்தது. "அவ்வளவுதானா?" என்றாள் செலின்.

"அவ்வளவுதான்" என்றாள் பிலோமி. அவளுடைய கணக்கில், அதுதான் அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய். மகளின் தலையை மெதுவாக உள்ளே அழுத்திவிட்டு, இரண்டு கைகளாலும் பையின் வாயை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

நீதி: பிள்ளைகள் எவ்வளவு உயரத்துக்கும் வளரலாம், எழுந்து மட்டும் நிற்கக் கூடாது. எழுந்தால் இடம் போய்விடும்.